வெறுந்தொட்டிலுக்கு ஒரு விளக்கு

வெண்ணந்தூரில் போய் கந்தவேல் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். மைக் செட் கந்தவேல் என்று கேட்டுப் பாருங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் விளக்கும் ஒலிபெருக்கியும் அவனுடையவை. சாவு வீட்டுக்குக் குளிர்பெட்டியும் அவனிடம்தான் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் ஒரு வீட்டில் குளிர்பெட்டியை இறக்கிவிட்டு, அதே வண்டியில் சாயங்காலம் மணமேடைக்குச் சீரியல் பல்பு ஏற்றிக்கொண்டு போவான். ஊரின் அழுகைக்கும் சிரிப்புக்கும் ஒரே ஆள்தான் வயர் இழுக்கிறான் என்பதை நாம் யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தொழில் இல்லை, வாய். சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டுவிடுவான். கோயிலில் கிடா வெட்டும் முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைக் குலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. "குலுக்காம நின்னுட்டா கிடாய மறுபடி ஊட்டுக்கு ஓட்டீட்டுப் போயிருவீங்களா?" என்று பூசாரியிடமே கேட்டு, அடி விழுவதற்குள் ஓடித் தப்பியவன் அவன். கேட்பதில் கிண்டல் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. அதனால் அவன் மேல் யாரும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. பதில் தெரியாதவர்கள்தான் எரிந்து விழுவார்கள். அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டான். காரணம் ஒரு தொட்டில்.

அவன் மனைவி அகல்யா பக்கத்து ஊர் அங்கன்வாடியில் பணியாளர். ஊரார் பிள்ளைகளுக்கு எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, பாட்டுச் சொல்லித் தருகிற வேலை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவள் வயிற்றில் வந்த முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அடுத்தது நன்றாக வளர்ந்தது. கந்தவேலுக்குத் தலைகால் புரியவில்லை. சேலம் போனவன் மரத்தொட்டில் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருந்தானா? மேல்சட்டத்தில் குட்டிப் பல்புச் சரம் சுற்றி, கண்ணைக் குத்தாமல் மஞ்சளாக எரிகிற மாதிரி அமைத்து, கூடத்தின் நடுக் கொக்கியில் மாட்டிவிட்டான். பிள்ளை பிறக்கும் முன்னால் தொட்டிலும் துணியும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் வரக் கூடாது என்று கேட்டான். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்ல முடியாததை அவன் கேட்டு நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று அவன் அக்கா சித்ரா கூட வந்திருந்தாள். அடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கூடத்தில் தொங்கிய தொட்டிலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மண்ணுல உழுகறதுக்கு முந்தியே தொட்டிலக் கட்டுனயேடா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே கந்தவேலுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கே தொட்டிலைக் கழற்றிக் குடோனுக்குக் கொண்டுபோய், பரணில் ஏற்றி, பழைய சீரியல் செட் மூட்டைகளை அதன் மேல் போட்டு மூடினான். டாக்டர் நஞ்சுக்கொடியைப் பற்றி ஏதோ விளக்கிச் சொன்னார். அது அவன் காதில் ஏறவில்லை. தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக அவன் நம்பினான். அதை யாரிடமும், அகல்யாவிடம்கூட, சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏன் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. செய் என்றால் செய்தான், கூடாது என்றால் விட்டான். ஊரில் சிலர் கந்தவேலுக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று சந்தோஷப்பட்டார்கள்.

இப்போது அகல்யா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மறுபடியும் ஏழாம் மாதம். அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கர்ப்பிணிக்கான கட்டுச்சோறு விருந்து வைக்கவில்லை, வளையல் அடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதைக்கூட ராசிபுரம் வரைக்கும் ஒரு வேலை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஊரிலுள்ள கர்ப்பிணிகளிடம் எல்லாம் துணிமணி, துண்டு, போர்வை எடுத்துப் பையில் தயாராக வையுங்கள் என்று சொல்கிற அகல்யாவின் வீட்டில் ஒரு கைக்குட்டை வாங்கவும் கந்தவேல் விடவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டிருந்தார்கள்.

கார்த்திகை பாதி போயிருந்தபோது உஷாராணி போன் செய்தார். வெண்ணந்தூருக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே, அகல்யா வேலை பார்க்கிற அந்த ஊரில் அவர் சுகாதார நர்ஸ். அங்கேயே உள்ள சின்ன மாதா கோயிலில் குடில் போடுகிற பொறுப்பும் அவர் தலையில்தான் விடியும். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கந்தவேல் போய் விளக்குப் போட்டுவிட்டு வருவது வழக்கம். இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் ஃபாதர் இப்போதே குடில் போட வேண்டும் என்கிறார், கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டார்.

போய் வேலையை ஆரம்பித்தான். காக்கித் தாளில் மலை, மலையடியில் தட்டுத்தட்டாக முளைவிட்ட கேழ்வரகு, சின்ன மோட்டார் வைத்து ஓர் அருவி. மாதாவும் சூசையப்பரும் முழங்காலில் நின்றார்கள். ஆடுகளுக்கு மட்டும் உடம்பெல்லாம் கம்பளி. கம்பளி இல்லாத மேச்சேரி ஆட்டைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்தால் இந்த வெயிலில் இது எப்படிப் பிழைக்கும் என்றுதான் தோன்றும். எல்லாம் முடிந்து நடுவில் ஃபோகஸ் விளக்கைத் திருப்பினான். விளக்கு விழுந்த இடத்தில் மாட்டுக்குத் தீனி வைக்கிற மரத்தொட்டி மட்டும் இருந்தது. உள்ளே குழந்தை இல்லை.

பொருள் காணாமல் போனால் செட்டுக்காரன் மேல்தான் பழி விழும். வயர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். மலைக்குப் பின்னால் தவழ்ந்து தேடினான். கடைசியில் உஷாராணியிடம் போய், "நர்சம்மா, கொழந்தைச் சாமியக் காணமுங்க. நா ஆணி அடிக்கறப்ப எங்கியும் உழுந்துருச்சுங்களா?" என்று கேட்டான்.

"இன்னும் பொறக்கலீங்களே" என்றார் உஷாராணி. "இருவத்தஞ்சாந் தேதிக்குத்தான வருது. அதுவரைக்கும் சும்மாதான் இருக்கும்."

பிறகு அவர் சொன்னதிலிருந்து கந்தவேலுக்குப் புரிந்தது இதுதான். இது திருவருகைக் காலம், வரப்போகிறவருக்காகக் காத்திருக்கிற காலம். ஒரு நல்ல காரியம் செய்தவர்கள் ஒரு வைக்கோல் இழையை எடுத்து அந்தத் தொட்டியில் போடலாம். குழந்தை வருவதற்குள் படுக்கை மெத்தென்று ஆகிவிட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு ஃபாதர் கொடுத்த வேலை.

கந்தவேல் ஃபோகஸ் விளக்கைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். பிள்ளை வரும் முன்னாலேயே தொட்டிலை எடுத்துவந்து, ஊரறிய நடுவில் வைத்து, அதற்கு விளக்கு வேறு போடச் சொல்கிறார்கள். இவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லையா? வாய் வரைக்கும் வந்தது கேள்வி. விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

விழுங்கினால் போய்விடுமா? வருடக்கணக்கில் தூங்கிக் கிடந்தது எழுந்துகொண்டுவிட்டது. அடுத்த நாள் அருவி மோட்டாரில் சத்தம் வருகிறதா என்று பார்க்கப் போனான். வரவில்லை. அதற்கடுத்து ஒரு பல்பு மங்கலாக எரிவதாக அவனாகவே முடிவு செய்துகொண்டு போனான். அந்தப் பக்கம் வேலை இல்லாத நாளிலும் வண்டி தானாக அந்தப் பாதையில் திரும்பியது. ஒவ்வொரு முறையும் வைக்கோல் கொஞ்சம் கூடியிருந்தது. தம்பியின் முட்டையைப் பிடுங்கித் தின்னாமல் விட்டதற்காக ஒரு பிள்ளை ஒரு இழை போட்டிருந்தது. பொதுக் கிணற்றில் தன் முறைத் தண்ணீரை இந்த ஒரு வாரம் அண்ணன் காட்டுக்கு விட்டுக்கொடுத்ததற்காக ஒரு பெரியவர் போட்டிருந்தார். ஃபாதரும் போட்டதை அவனே பார்த்தான். எதற்கு என்று அடக்க முடியாமல் கேட்டுவிட்டான். நாமக்கல் ரோட்டில் குறுக்கே புகுந்து வந்த ஒரு லாரிக்காரரைத் திட்டாமல் வந்தேன், அது பெரிய காரியம் இல்லையா என்றார் ஃபாதர். அந்த ரோட்டில் தினமும் ஓட்டுகிற கந்தவேலுக்கு அது பெரிய காரியமாகத்தான் பட்டது.

ஒரு நாள் அங்கே ராசாத்தியைப் பார்த்தான். பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தான். ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட ஒடிசாவுக்குப் போயிருந்த அவள் ஒரே மகன், ஐப்பசியில் பெட்டியில் திரும்பி வந்தான். அந்த வீட்டுக்குக் குளிர்பெட்டி கொண்டுபோனவன் கந்தவேல். பிளக் சொருக இடம் தேடியபோது அந்தம்மாதான் மிக்ஸியைக் கழற்றி இடம் கொடுத்தாள். இப்போது குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து, வைக்கோலை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, தடித்ததை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன நம்பிக்கை மிச்சம் இருக்கும்? எந்தத் தைரியத்தில் இந்த வருடம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்? கந்தவேலுக்கு அவள்மேல் பரிதாபத்தைவிடப் பெரிய ஆச்சரியம் வந்தது. என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் மெல்லக் கேட்டான்.

"தடி வைக்கலு குத்துமில்ல சாமி" என்றாள் ராசாத்தி. "வாரது பச்சப்புள்ள. நோவாம இருக்கோணும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தை அவனோடு வந்தது. கொடுத்ததெல்லாம் பறிபோன பிறகும், இன்னும் வராத ஒன்றுக்குக் குத்திவிடுமே என்று ஒருத்தி கவலைப்படுகிறாள். தன் வீட்டில் வராத பிள்ளையின் பேச்சையே எடுக்க முடியவில்லை. பயமே இல்லையா இவர்களுக்கு? இதை அடுத்த முறை உஷாராணியிடம் கேட்டான். பூச்சாடி கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "பயமில்லாம என்னங்க. பயந்துக்கிட்டேதான் வெக்கறோம்" என்றார். அது அவன் எதிர்பார்த்த பதில் இல்லை.

இந்த நிலையில்தான் அகல்யா ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, மாதா கோயில் குடிலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். கந்தவேல் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் வெறுந்தொட்டிலைப் பார்க்கலாமா? வெறுந்தொட்டிலை ஆட்டினாலே ஆகாது என்பார்கள். பார்த்தால் ஆகுமா ஆகாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் துணிந்து கால் வைத்து ஒரு முறை பட்டதே போதும் என்று இருந்தது. கிறிஸ்துமஸ் கழியட்டும், கூட்டிப் போகிறேன் என்றான். அவள் சனிக்கிழமையே போகலாம் என்றாள். வண்டியில் குலுங்கும் என்றான். அன்றாடம் வேலைக்கு அதே ஊருக்குப் பஸ்ஸில்தானே போகிறேன் என்றாள். அதற்கு மேல் அவனிடம் சாக்கு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு முன்னதாகவே போனான். கோயிலில் யாரும் இல்லை. உள்ளறையில் பூசைப் பொருள்கள் வைக்கிற மர பீரோவில்தான் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். அந்தப் பீரோவைத் திறந்து மூட அவனுக்கு யார் உத்தரவும் வேண்டாம். மேல்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தைச் சொரூபம் இருந்தது. மன்னிச்சுக்க சாமி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, எடுத்துக் கொண்டுவந்து வைக்கோல் மேல் படுக்க வைத்தான். அவள் பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஃபோகஸ் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினான். குழந்தை பளிச்சென்று தெரிந்தது. நாற்பதை எட்டப்போகிற ஒரு மனுசன், பிறக்காத சாமியை நாள் முந்திப் பிறக்க வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டான்.

அகல்யாவைக் கூட்டிவந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, குடிலுக்கு முன்னால் நின்றாள். அருவியைப் பார்த்தாள். ஆடுகளைப் பார்த்தாள். நடுவில் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கந்தவேல் அதைக் கவனித்தான். சந்தோஷத்தில் மாறியதாகத் தெரியவில்லை.

அவள் எதுவும் சொல்லும் முன்னால் பூக்கூடையோடு உஷாராணி உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அலங்காரம் செய்ய வந்தவர். அகல்யாவைப் பார்த்துச் சிரித்தவர் குடிலைப் பார்த்து அப்படியே நின்றார். பீரோ இருந்த உள்ளறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு கந்தவேலைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"ஏனுங்க கந்தவேலு" என்றார், கோபமில்லாமல், நிஜமாகவே விளங்காமல். "சாமி எப்பங்க வந்துச்சு?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அகல்யாவின் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க வைத்தேன் என்று ஆரம்பித்தான். அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அகல்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காக வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். வெறுந்தொட்டிலை அவள் பார்க்கக் கூடாது என்று இருந்ததாகவும், போன முறை தொட்டிலை முன்னாலேயே கட்டியதால்தான் எல்லாம் போனதாகவும், அது தன்னால்தான் என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னான். இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தது, வைக்கோல் வாசனைக்கு நடுவில், வேறு மதத்துக் கோயிலில், நர்சம்மா முன்னால் வெளியே வந்தது.

உஷாராணி பூக்கூடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பீடத்துப் பக்கம் போய்விட்டார்.

அகல்யா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவன்மேல் இல்லை, இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவன் இதைத் தனியாகச் சுமந்தானே என்று. அவளும் உஷாராணியும் தடுப்பூசி நாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். குடிலில் தொட்டி காலியாக இருப்பதை அவர் அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தார். அதை இவன் யோசித்தே பார்க்கவில்லை.

"நா பாக்க வந்ததே வெறுந்தொட்டிலத்தானுங்க" என்றாள். "வாரதுக்கு முந்தியே வெச்சுட்டு எப்பிடி இருக்கறாங்கன்னு பாக்கோணும்னு இருந்துச்சு. எனக்கும் பயமாத்தான் இருக்குது. பேசாம இருந்தா மட்டும் பயம் போயிருச்சுங்களா?"

கந்தவேல் ஃபோகஸ் விளக்கின் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தான்.

"தேரு வாரதுக்கு முந்தி லைட்டுக் கட்டறீங்களா, வந்தப்பறம் கட்டறீங்களா?" என்று கேட்டாள். "ஆளில்லாத வீதியில முதல் நாளே போயி நீங்கதான கட்டறீங்க. சாமி வராமப் போயிருமோன்னு ஒரு நாளாச்சும் கட்டாம இருந்தீங்களா?"

அவன் வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் கேள்வி கேட்டவன். அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. காலியான தேரடி வீதியில் ஏணி போட்டு நின்ற பொழுதுகள் எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தன. மழை வரலாம், கரண்ட் போகலாம், இரண்டு சாதிக்குள் தகராறாகித் தேர் நின்றும் போகலாம். நின்றும் போயிருக்கிறது. அடுத்த வருடமும் முதல் ஆளாகப் போய் நின்றவன் அவன்தான். இதில் ஒரு அதிசயம் இருப்பதாக அவனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அகல்யா குனியச் சிரமப்பட்டாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சொரூபத்தை எடுத்தாள். துணியைச் சரியாகச் சுற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துவிட்டு வந்தபோது அவள் வெறும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் வெளிச்சத்தில் வைக்கோல் தங்கமாகத் தெரிந்தது. பார்க்க ஒன்றும் பயங்கரமாக இல்லை. யாரோ வருவதற்காக விரித்து வைத்த படுக்கை, அவ்வளவுதான்.

வண்டியில் ஏறும்போது அகல்யா, நம்முடைய தொட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். குடோன் பரணில் என்றான். தெரியும் என்றாள்.

மறுநாள் காலையில் மூட்டைகளை இறக்கித் தொட்டிலை வெளியே எடுத்தான். ஒரு பக்கம் பூச்சி அரித்திருந்தது, பல்புச் சரத்தை எலி கடித்திருந்தது. சரத்தை மாற்றினான். சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கூடத்துக் கொக்கியில் சங்கிலியை மாட்டும் முன்னால் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். உஷாராணி சொன்ன மாதிரி, பயந்துகொண்டேதான் மாட்டினான்.

மாட்டி முடித்துத் திரும்பினால் வாசற்படியில் சித்ரா நின்றிருந்தாள். கையில் குழம்புக் கிண்ணம். கண் தொட்டிலின் மேல் இருந்தது. அகல்யா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கந்தவேல் திட்டு விழும் என்று எதிர்பார்த்தான், அழுகையை எதிர்பார்த்தான். சித்ரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஆட்டிப்போடாதீங்க ரெண்டு பேரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அக்கா இனி இந்த வாசல் மிதிக்க மாட்டாள் என்று கந்தவேல் நினைத்தான். கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றலாமா என்றுகூடக் கை போனது. அதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். கையில் மடித்த பருத்திச் சேலை ஒன்று இருந்தது. துவைத்துத் துவைத்து நிறம் போய், தொட்டால் பூவாக இருந்தது.

"புதுத்துணி ஆகாது" என்றாள், யாரையும் பார்க்காமல். "இது நாங் கட்டுன பழசு. பழசு போட்டாக் குத்தமில்ல."

மரக்கட்டை தெரியாமல் சேலையை நாலாக மடித்துத் தொட்டிலுக்குள் விரித்தாள். மடிப்பில் இருந்த ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்துப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குத் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவளும் இத்தனை வருடம் எடுக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தாள் என்று கந்தவேலுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு அக்காவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக ஸ்விட்சைப் போட்டான். பல்புகள் மஞ்சளாக எரிந்தன.

"அக்கா, வெறுந்தொட்டில ஆட்டுனா ஏன் ஆகாது?" என்று கேட்டான்.

சித்ரா நிஜமாகவே யோசித்தாள். தனக்கும் யாரும் சொல்லவில்லை என்றாள். அகல்யா சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அன்று மாலை குடிலுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பல்பு கொண்டுபோகிற சாக்கில் போன கந்தவேல், ராசாத்தி பொறுக்கி வைத்திருந்த மெல்லிய வைக்கோலில் ஒரு இழை எடுத்துத் தொட்டியில் போட்டான். தான் வேறு சாமி கும்பிடுகிறவன், போடலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் கேட்காமலே செய்தான்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தபோது மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர்கள் ஊர்க் கோயிலுக்கு மாசித் திருவிழா, வீதி பூராவும் சீரியல் செட், கந்தவேல்தான் வர வேண்டும் என்றார். அவன் தேதியைக் கேட்டான். அகல்யாவுக்கு டாக்டர் குறித்திருந்த நாளும் அதை ஒட்டித்தான் இருந்தது. கூடத்தில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தான். எதிரே தொட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் அகல்யா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஆகாதுங்க" என்றான். "எங்கூட்டுக்கு ஆள் வருதுங்க."

யார் வருகிறார்கள், விருந்தாளியா என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்.

"எங்க கொழந்தைங்க."

அவர் சந்தோஷப்பட்டு, எப்போது பிறந்தது, பையனா பெண்ணா என்று விசாரித்தார். கீரை ஆய்ந்த கை நின்றது. கந்தவேல் அகல்யாவைப் பார்த்தான், பிறகு அக்காவின் பழைய சேலை விரித்த தொட்டிலைப் பார்த்தான். முன்பின் முகம் தெரியாத ஒருவரிடம், வாய் விட்டு, சத்தமாகவே சொன்னான்.

"இன்னும் பொறக்கலீங்க. வந்துட்டு இருக்குது."